கூப்பீடு, காதம், கல்: மும்பையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேடல்

ஓராண்டுக்கும் மேலாக, ஞாயிறு காலைகளில் நானும் தோழியர் இருவரும், என் அக்காவும் அவளுடைய பதினொரு வயது மகனும் மும்பைத் தெருக்களில் குனிந்த தலையுடன் திரிந்துகொண்டிருக்கிறோம். எதைத் தேடுகிறீர்கள் என்று துறையில் சிலர் கேட்டார்கள். ஆய்வேட்டோடு தொடர்பில்லாத வேலை என்று நெறியாளர் நினைத்துவிடக் கூடாதே என்று இதுவரை சிரித்து மழுப்பினேன். இனி மழுப்ப வேண்டியதில்லை. தேடல் எப்படியோ மொழியியலுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது. சற்று நீண்ட பதிவு, பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

தொடக்கம் ஒரு விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேனும் ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இணையத்தில் அறிவிப்பார். முன்பின் அறியாத மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையுடன் சென்று தேடி எடுத்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரையும் நாளையும் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். இதன் பிறந்தநாளைத் துல்லியமாகச் சொல்ல முடிவது ஒரு வசதி. குடிமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு அதுவரை வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அந்தக் கலப்பை நிறுத்தியது. பிழை பத்து, இருபது மீட்டருக்குள் சுருங்கியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வாளியைப் புதைத்து அதன் ஆயங்களை அறிவித்தார். சில நாள்களிலேயே அது கண்டெடுக்கப்பட்டது. அதனுள் இருந்தவற்றில் ஒன்று தகரக் குப்பியில் அடைத்த அவரை. முன்னோடிகளைத் தேடுவோர் இன்னும் பின்னே சென்று, இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புவெளியில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் வைத்த குப்பியைச் சுட்டுவார்கள். அவ்வளவு தொலைவு நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள்.

அக்காள் மகன் இந்த விளையாட்டைப் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்து, மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் தானும் ஒரு டப்பாவை ஒளித்து வைக்கப்போவதாக அறிவித்தான். டப்பாவும் தயார், மூடியில் கறுப்பு நாடா சுற்றியிருந்தான். அக்கா அதைப் பார்த்த பார்வையிலேயே திட்டம் முடிந்துபோயிற்று. இந்நகரின் இரயில் நிலையங்களில், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2006 ஜூலை 11 மாலை புறநகர் இரயில்களில் வெடித்த குண்டுகளுள் ஒன்று மாட்டுங்கா ரோடு நிலையத்தருகே வெடித்தது. மும்பையிலும் இவ்விளையாட்டுக்கான பெட்டிகள் சில உண்டு; ஆயினும் நாடா சுற்றிய டப்பாவைப் புதருக்குள் செருகும் சிறுவனை ஊர் விளையாடுபவனாகப் பார்க்காது.

அப்போது தோழி சொன்னாள்: “நாம் ஒளித்து வைப்பானேன்? இந்த ஊரில் ஏற்கெனவே ஒளிந்து கிடப்பதைத் தேடலாமே.” அவள் மனத்தில் இருந்தவை பழைய மைல்கற்கள்.

மும்பையின் மைல்கற்களைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். கோட்டைப் பகுதியில், இன்றைய ஹார்னிமன் வட்டத்தையொட்டி நிற்கிறது புனித தோமையார் ஆலயம். 1718ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று திறக்கப்பட்டது; மும்பைத் தீவில் ஆங்கிலேயரின் முதல் ஆலயம். கோட்டை மதிலில் இந்த ஆலயத்துக்கு நேராக அமைந்த வாயில்தான் சர்ச்கேட்; மதிலை 1860களில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஓர் இரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த ஆலயத்தைச் சுழியமாகக் கொண்டு வடக்கு நோக்கிச் செல்லும் சாலைகளில் மைலுக்கு ஒன்றாகக் கற்களை நட்டார்கள். மும்பை மண்ணுக்கே உரிய கரும்பாறை. அதன் முகத்தில் ரோமன் எண். அதன் கீழே, புனித தோமையார் ஆலயத்திலிருந்து இத்தனை மைல் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். சாலைகள் மேலும் மேலும் தார் பூசி உயர்ந்ததால் பல கற்கள் கழுத்தளவு புதைந்துபோயின. சில நடைபாதைக் கடைகளின் பின்னே மறைந்தன. சிலவற்றை வண்ணம் பூசி அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியின் மரபுச் சின்னப் பிரிவு அவற்றைத் தேடியெடுத்துச் சீர்செய்து நிறுத்தி வருகிறது.

இக்கற்களை நட்ட காலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கூறுவார்கள். அதற்கான சான்றுகளுள் ஒன்று கல்லிலேயே இருக்கிறது. மொழியியல் மாணவி என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த சான்றும் அதுவே. கல் ‘ஆலயம்’ என்கிறது, ‘பேராலயம்’ என்று சொல்வதில்லை. 1837இல் மும்பைக்கென ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஏற்பட்டது. அதையொட்டித் தோமையார் ஆலயம் ஆயரின் பேராலயமாக உயர்ந்தது. அதன் பிறகு நட்ட கல்லாக இருந்திருந்தால் அரசாங்கத்தார் அந்தப் புதிய பெருமையை விட்டுவிட்டிருப்பார்களா? ஒரே ஒரு சொல் ஒரு கல்லின் வயதுக்கு மேல்வரம்பு கட்டுகிறது. இதை முழுமுற்றான சான்றாக நான் கொள்ளவில்லை. பதவி உயர்ந்த பின்னும் பழம்பெயரால் அழைப்பது மக்கள் வழக்கம். கல்தச்சனும் மக்களில் ஒருவன்தானே. இருந்தாலும் இவ்வளவு எளிய, இவ்வளவு நேர்த்தியான சொற்சான்று கையில் கிடைப்பது அரிது.

முதன்முதலில் நாங்கள் போய்ப் பார்த்தது தாதர்ப் பகுதியில் ஒரு கல். செல்பேசி காட்டிய இடத்துக்கும் கல் நின்ற இடத்துக்கும் இடையே ஒரு பேருந்து நிறுத்தமும் ஓர் இளநீர் வண்டியும் இருந்தன. உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது இப்படித்தான் புள்ளி துள்ளும். எழுத்தின் பள்ளங்களில் பழைய வண்ணம் அடைந்து கிடந்ததால் கண்ணால் படிக்க முடியவில்லை. பையன் விரலால் தடவி ‘வி’ வடிவத்தைக் கண்டுபிடித்தான். ரோமன் எண்ணில் அது ஐந்து என்று பள்ளியில் படித்திருக்கிறான். மகிழ்ந்து குதித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“சித்தி, இதை யார் படிக்கிறதுக்கு எழுதினாங்க?”

அந்தக் கேள்விதான் விளையாட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

தமிழ்நாட்டில் இதைவிட ஐந்தாறு நூற்றாண்டுகள் மூத்த தொலைவுக் கற்கள் இருக்கின்றன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தோடு அது நின்றுவிடவில்லை. கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரர் கையால் தடவிப் பார்த்தே தொலைவை அறிந்துகொள்ளலாம். இருட்டில் வந்தாலும் அறியலாம். சேலம் மாவட்டம் ஆறகளூர்ப் பகுதியில் கிடைத்த மகதேசன் பெருவழிக் கல்லிலும் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்ற எழுத்துடன் பதினாறு குழிகள் உண்டு. தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கிச் செல்லும் இடம். எருதின் முதுகிலும் வண்டியிலும் பொதியேற்றிச் செல்லும் கூட்டத்தில் பலரும் படிக்கத் தெரிந்தவராக இருந்திருக்க மாட்டார்கள் என்பதைக் கல் நட்டவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதை முற்காலப் பெருமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. வணிகம் நடந்தால்தான் சுங்கம் வரும் என்ற கணக்கும் அதற்குள் இருந்திருக்கும். ஆனால் பையனின் கேள்விக்கு அக்கல்லிடம் விடை இருக்கிறது, தாதர்க் கல்லிடம் இல்லை. தாதர்க் கல் ஆங்கிலம் படிப்பவருக்கும் ரோமன் எண் அறிந்தவருக்கும் மட்டுமே பேசியது. அந்தச் சாலையில் பாரம் சுமந்து நடந்தவர்களுள் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்?

இங்கே காதத்தைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். நம்முடைய பழைய வாய்பாட்டில் நான்கு கூப்பீடு கொண்டது ஒரு காதம். கூப்பீடு என்பது கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. மராட்டியில் வழங்கும் ‘கோஸ்’ என்ற அளவும் ‘குரோச’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. அதற்கும் கூவுதல் என்றே பொருள். ஆக, இரு மொழியாரும் தொலைவைத் தொண்டையால் அளந்திருக்கிறார்கள். தொண்டை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் காதமும் வேறுபட்டது. இதைச் சோதித்துப் பார்க்க ஜி.பி.எஸ். ஆயங்களே போதும். சிலப்பதிகாரத்தில் புகாரை விட்டுச் சிறிது தொலைவு நடந்ததுமே களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்பது கோவலனின் விடை. (பயணம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்று என் அக்காள் மகனுக்கு இதைச் சொன்னேன், அவன் மகிழவில்லை.) பூம்புகாருக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். அப்படியானால் காதத்துக்கு ஏழரைக் கிலோமீட்டர் அளவில் வருகிறது. ஆறகளூரிலிருந்து காஞ்சிபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அதைப் பதினாறால் வகுத்தால் பத்தரைக்கு மேல். சாலை வளைவுகளைச் சேர்த்தால் இரண்டும் கூடும், ஆனால் வேறுபாடு மறையாது. காப்பியத்தின் காதமும் கல்லின் காதமும் ஒன்றல்ல. கவிஞர் சொன்ன எண்ணைப் பெருவழியின் அளவாகக் கொண்டு வரைபடம் போடுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அடுத்து, கல். ஆங்கிலேயரின் மைல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது நம்மவர்கள் அதன் பெயரை மட்டும் கடன் வாங்கவில்லை. அதன் உடம்பையும் எடுத்துக்கொண்டார்கள். “ரெண்டு கல்லு நடந்தா ஊரு வந்துரும்” என்று திருநெல்வேலிப் பக்கத்து முதியோர் இன்றும் சொல்வார்கள். அங்கே கல் என்றால் மைல். தொலைவைக் குறிக்கும் பொருளே தொலைவின் பெயராகிவிட்டது. ஆகுபெயருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை. 1956இன் அளவைச் சட்டத்துக்குப் பிறகு மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. நட்ட கற்களை மாற்றினார்கள், ‘மைல்கல்’ என்ற பெயரை மாற்றவில்லை. ஆயுத பூசை நாளில் தமிழ்நாட்டின் சாலைப் பணியாளர்கள் கிலோமீட்டர்க் கல்லுக்குத் திருநீறும் குங்குமமும் இட்டு மாலை போடுகிறார்களே, அவர்களும் அதை மைல்கல் என்றே சொல்கிறார்கள். செய்தித்தாளில் ஒரு வீரரின் நூறாவது ஆட்டத்தை ‘மைல்கல்’ என்பது மட்டும் ஆங்கில வழக்கின் நேர்ப்பெயர்ப்பு. வழிநடையில் பிறந்த ‘கல்’ நம்முடையது.

இந்தப் பேச்சையெல்லாம் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு நாங்கள் வடக்கே நகர்ந்தோம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் தோமையார் ஆலயத்திலிருந்து நேர்கோட்டில் ஏழு மைல் அளவில் இருக்கிறது. மாட்டுங்காவின் நேரான சாலைகளும் ஐந்து தோட்டங்களும் 1896இன் கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் அமைந்த மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை போட்ட தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் உருவானவை. நெரிசலால் நோய் என்று கண்ட ஆட்சியாளர்கள் காற்றும் வெளியுமாக ஒரு பேட்டை அமைத்தார்கள். எழுத்தர்களும் தட்டச்சர்களுமாகத் தெற்கிலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அந்தத் தமிழர்கள் மைல்கல்லைப் படித்திருப்பார்கள். ஆங்கிலம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது.

மாட்டுங்காவுக்கு வடக்கே சயான். நாம் சயான் என்று சொல்லும் ஊரின் நிலையப் பலகையில் மராட்டியில் ‘சீவ்’ என்றிருக்கும். சீவ் என்றால் எல்லை; ‘சீமா’ என்ற வடசொல்லின் மரபு. விவிலியத்தில் சீயோன் மலையைப் படித்து வளர்ந்த நெல்லைக் கிறித்தவர் சிலர் அந்தப் பெயரை வேறு விதமாகக் கேட்டு மகிழ்வதுண்டு. ஏசு சபையார் சூட்டிய பெயர் என்ற கதையும் உலவுகிறது. எல்லை என்ற பொருளே நிலத்தோடு பொருந்துகிறது. ஆங்கிலேயரின் மும்பைத் தீவு அங்கேதான் முடிந்தது. சிற்றோடைக்கு அப்பால் போர்த்துக்கீசியரின் சால்செட். எல்லையைக் காக்க 1670களில் சயான் குன்றின்மேல் ஒரு கோட்டை கட்டினார்கள். குன்றின்மேல் ஏறிப் பார்த்த அக்கா, இங்கிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே ஊர்தான் என்றாள். உண்மை. ஓடையின் குறுக்கே 1805 வாக்கில் முடிந்த சயான் அணைவழி எல்லையை முதலில் அழித்தது, பிறகு இரயில்.

எங்கள் தேடலில் மிகச் சிக்கலானது அடுத்த புள்ளி. தாராவிக்குள் பேருந்தில் போகிறவர்களுக்குக் காலாகில்லா என்ற நிறுத்தத்தின் பெயர் தெரியும். பணிமனையின் பெயரும் அதுவே. காலா கில்லா என்றால் கறுப்புக் கோட்டை. பெயர் அறிந்தவர்களுள் அங்கே உண்மையிலேயே ஒரு கோட்டை இருப்பதை அறியாதவர் பலர். ரீவா கோட்டை என்றும் அதற்குப் பெயருண்டு. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் பின்னால், மித்தி ஆற்றை நோக்கிய பக்கத்தில், மரவேர்கள் கவ்விய கருங்கல் மதில். அதன்மேல் ஒரு கல்வெட்டு. மும்பை ஆளுநர் ஜான் ஹோர்ன் ஆணைப்படி 1737இல் கட்டியதாகச் சொல்கிறது. அவ்வாண்டில்தான் மராட்டியர் சால்செட் மீது படையெடுத்தார்கள். 1739இல் வசாய்க் கோட்டையையும் பிடித்தார்கள். ஓடைக்கு இப்பால் இருந்த ஆங்கிலேயருக்குப் பிறந்த அச்சத்தின் கட்டடம் இது.

ஜி.பி.எஸ். அங்கே எங்களைக் கைவிட்டது. இரு கையையும் விரித்தால் சுவர் இடிக்கும் சந்துகளில், மேலே தகரக் கூரை மூடியிருக்க, செல்பேசியின் நீலப்புள்ளி எங்களை ஒரு முறை ஆற்றுக்குள்ளும் ஒரு முறை அடுத்த சாலையிலும் நிறுத்தியது. தாராவியின் இரு பெருஞ்சாலைகளுக்குப் பெயரே அளவுதான்: அறுபது அடிச் சாலை, தொண்ணூறு அடிச் சாலை. அளவைப் பெயராகச் சூடிய ஊரில் அளவுக்கருவி தோற்றது வேடிக்கை. கடைசியில் எங்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றவர் தாராவியிலேயே வாழும் என் பெரியப்பா. பையனின் கையிலிருந்த செல்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏல, அதை மடக்கி வையி. இங்கன இருந்து ஒரு கூப்பிடு தூரந்தான்” என்றார். அளவைகளைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த பக்கத்தை அவர் பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் தாராவியில் பல. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. நகரத்தின் நடுவில் நாற்றமடிக்கும் தொழில்களுக்கு இடமில்லை என்று விளிம்புக்குத் தள்ளியபோது அந்த விளிம்பு தாராவியாக இருந்தது. பிறகு நகரம் வளர்ந்து விளிம்பை விழுங்கி நடுவாக்கிக்கொண்டது. சீவ் என்ற சொல்லின் பொருள் ஊரின் பெயரில் மட்டும் எஞ்சியது.

கோட்டையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனோம். சுவரில் வண்ணத்தால் எழுதிய ஓர் எண் இருந்தது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு இட்ட எண்களுள் ஒன்று. திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்து வருவதைச் சான்றுடன் நிறுவுவோருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வேறு ஏற்பாடு, வேறு இடம். பெரியப்பாவின் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் பழைய குடும்ப அட்டை, மின்கட்டண இரசீதுகள், வாக்காளர் பட்டியலின் நகல், பெரியம்மாவின் மருத்துவமனைச் சீட்டு, என் அண்ணன்களின் பள்ளிச் சான்றுகள். ஒவ்வொன்றும் தனித்தனி நெகிழிப் பையில், மழைக்காலத்துக்குப் பயந்து இரண்டு உறை. பெட்டியைத் திறந்து காட்டியபோது பையன் சொன்னான்: “தாத்தா, நீங்களும் கேச் வெச்சிருக்கீங்க!” பெரியப்பாவுக்கு அந்தச் சொல் ரொக்கப் பணமாகக் கேட்டிருக்க வேண்டும். “பணமா? இதுல அஞ்சு பைசா கிடையாது” என்றார்.

அன்றிரவு அந்த இரு நாள்களையும் அருகருகே எழுதிவைத்துப் பார்த்தேன். 2000 ஜனவரி 1. 2000 மே 3. முதலாவது, தாராவியில் ஒரு குடும்பம் தான் எங்கே இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டிய நாள். இரண்டாவது, தான் நிற்கும் இடத்தைச் சாமானியர் எவரும் சில மீட்டர் துல்லியத்தில் அறிய முடியும் என்ற நம்பிக்கையில் ஒரு விளையாட்டுப் பிறந்த நாள். நான்கு மாத இடைவெளி. இரண்டுக்கும் ஒன்றோடொன்று எத்தொடர்பும் இல்லை. தொடர்பு கற்பிப்பது ஆய்வாளர்க்கு அழகுமன்று. ஆனால் இன்று ஆளில்லா வானூர்தியும் லேசர்க் கருவியும் தாராவியின் ஒவ்வொரு கூரையையும் முப்பரிமாணத்தில் அளந்துவிடுகின்றன. அந்தக் கூரையின் கீழ் 1999இல் யார் படுத்திருந்தார்கள் என்பதை அவற்றால் அளக்க முடிவதில்லை. அதற்கு இன்னும் டிரங்குப் பெட்டிதான் வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டியில் உள்ள தாள்களுள் பெரியப்பாவால் முழுதாகப் படிக்கக்கூடியவை குறைவு. ஆங்கிலமும் மராட்டியுமாக இருக்கின்றன; அவர் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எது எந்தத் தாள் என்று அவர் அடையாளம் காண்பது மடிப்பையும் முத்திரையின் நிறத்தையும் ஓரத்தில் கிழிந்த இடத்தையும் வைத்து. இருட்டில் கொடுத்தாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று பெரியம்மா கேலி செய்வாள். தருமபுரிக் கல்லைப் பற்றி நான் எழுதியதை ஓரளவு திருத்தவேண்டியிருக்கிறது. அக்கல்லைச் செய்தவர் படிக்காதவருக்காகக் குழி தோண்டினார். இங்கே குழியையும் படிக்காதவரே தோண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செம்பூரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் வாழும் இடம் அது. பழைய மும்பையின் எல்லைக்கு அப்பாற்பட்டதால் தோமையார் ஆலயத்தின் கற்கள் அதுவரை வரவில்லை. நேர்கோட்டில் கணக்கிட்டால் சேடா நகர் முருகன் கோயில் அந்த ஆலயத்திலிருந்து பத்து மைல் அளவில் நிற்கிறது. படியேறி மேலே நின்றபோது, இங்கே ஒரு கல் நட்டால் என்ன எழுதலாம் என்று பையனைக் கேட்டேன். எங்கிருந்து அளப்பது என்று முதலில் முடிவு செய்யச் சொன்னான். அவனுக்குத் தாத்தா வீட்டிலிருந்து அளக்கவேண்டும், அக்காவுக்கு மாட்டுங்காவிலிருந்து. தோழி கேரளத்தவள், தாதர் நிலையத்திலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது என்று வாதிட்டாள். கோயில் வாசலில் இப்பேச்சு அரைமணி நேரம் ஓடியது, முடிவு எட்டப்படவில்லை.

எங்கள் நோட்டுப்புத்தகத்தில் இதுவரை பதினான்கு பதிவுகள். எண்ணைப் பையன் எழுத்தால் எழுதுவதில்லை. ஒரு பெரிய வட்டமும் நான்கு சிறிய வட்டங்களும் போட்டு வைத்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாட்டுங்கா நிலையத்திலிருந்து கிளம்பித் தெற்கே காலபாதேவி வரை போகிறோம். வர விரும்பும் மாணவர்கள் பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம். தண்ணீரும் தொப்பியும் எடுத்து வாருங்கள். எழுத்தைத் துலக்க உலர்ந்த மென்தூரிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. சுண்ணாம்பு, அமிலம், உளி, மண்வெட்டி எதுவும் வேண்டா. கல்லை அசைக்கக் கூடாது. அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் முதலில் பேசிவிட்டே படம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.